முட்டை குறைகிறது, தோல்முட்டை விழுகிறது, கோழிகள் ஒன்றையொன்று கொத்துகின்றன: எதிலிருந்து தொடங்குவது?

சிறுபண்ணை (கேள்வி):

வணக்கம். ஒரே கொட்டகையில், தரையில் உமியும் மரத்தூளும் போன்ற கூளத்தைப் பரப்பி வளர்க்கும் ஆழ்கூள முறையில் 140 முட்டைக்கோழிகளை வளர்த்து வருகிறேன். கோழிகளுக்கு இப்போது 36 வார வயது. மூன்று வாரங்களுக்கு முன்பு வரை நாளொன்றுக்கு 122 முதல் 126 முட்டைகள் கிடைத்தன. பிறகு சிறுகச் சிறுகக் குறைந்து, நேற்று 87 முட்டைகள்தான் எடுத்தேன். அவற்றில் ஆறு, ஓடில்லாமல் சவ்வு மட்டும் மூடிய தோல்முட்டைகள். இன்னும் பத்துப் பன்னிரண்டு முட்டைகளின் ஓடு கையில் எடுக்கும்போதே நொறுங்கும் அளவுக்கு மெலிந்திருந்தது. ஓட்டின் பழுப்பு நிறம் மாறவில்லை. கோழிகளிடம் இருமலோ மூக்கொழுகலோ இல்லை.

இதற்கிடையில் கொத்தும் பழக்கமும் தொடங்கிவிட்டது. முதலில் வால் இறகுகளைப் பிடுங்கின. இப்போது எச்சத் துவாரத்தைக் கொத்திப் புண்ணாக்குகின்றன. பத்து நாட்களில் மூன்று கோழிகள் இறந்தன. இரண்டு கொத்துப்பட்டே இறந்தவை, மூன்றாவதன் உடலில் காயமே இல்லை. கொட்டகையின் வடக்கு மூலையில் கூளம் நனைந்து கட்டிதட்டிக் கிடக்கிறது. மேல் கூளத்தைப் போட்டு மூடினாலும் இரண்டே நாளில் மறுபடி ஈரமாகிவிடுகிறது. காலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிறது.

நான் செய்து பார்த்தவை: வாரத்தில் மூன்று நாட்கள் வைட்டமின் கரைசலையும் கால்சியம் டானிக்கையும் தண்ணீர்த் தொட்டியில் கலந்தேன். சென்ற வாரம் ஐந்து நாட்கள் ஓர் ஆன்டிபயாடிக் மருந்தும் கொடுத்தேன். எதனாலும் பயன் தெரியவில்லை. தீவனம் வழக்கமான முட்டைத் தீவனம்தான், மாற்றவில்லை. வெளிச்சம் இயற்கை ஒளியும் விளக்கும் சேர்ந்து பதினைந்தரை மணி நேரம். நாற்பது நாட்களுக்கு முன்னர் மணி வடிவத் தண்ணீர்த் தொட்டிகளை எடுத்துவிட்டு 16 நிப்பிள்கள் (கோழி அலகால் தட்டினால் தண்ணீர் தரும் சிறு முனைகள்) உள்ள ஒரு குழாயைப் பொருத்தினேன். அதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் செய்யவில்லை. ஒரே நேரத்தில் நான்கு தொல்லைகள் வந்திருப்பதால் எதை முதலில் பார்ப்பது என்று புரியவில்லை.

பழைய கூண்டு:

நண்பரே, கடைசிப் பத்தியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் செய்தியைத்தான் நான் முதல் வாக்கியமாக எழுதியிருப்பேன். நாற்பது நாட்களுக்கு முன் நிப்பிள் குழாய் வந்தது, அதற்கு மூன்று வாரங்களுக்குள் முட்டை குறையத் தொடங்கியது, கூளம் ஈரமானது. நோயைத் தேடுவதற்கு முன் தண்ணீரை அளந்து பாருங்கள்.

முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மிதமான வெப்பத்தில் ஒரு கோழி தான் தின்னும் தீவனத்தின் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். வெயில் ஏற ஏற அது மூன்று, நான்கு மடங்காகவும் உயரும். நாளொன்றுக்கு 110 கிராம் தீவனம் தின்னும் 140 கோழிகளுக்கு 30 லிட்டருக்குக் குறைந்தால் போதவே போதாது. ஒரு முழு நாள் தண்ணீர் நின்றுபோனால் முட்டையே நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நாள்தோறும் கிடைத்துவந்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தாகத்தோடு இருக்கும் கோழி தீவனத்தையும் குறைத்துக்கொள்ளும், தீவனம் குறைந்தால் அதனுடன் வரும் கால்சியமும் குறையும், ஓடு மெலியும். கொட்டகை முழுவதும் தண்ணீர்க் குறை என்று நமக்குத் தோன்றாது, ஏனென்றால் வலிமையான கோழிகள் தள்ளிக்கொண்டு போய்க் குடித்துவிடும். பின்தங்கிய கோழிகளே காயும்.

ஆகவே இதைச் செய்யுங்கள். தொட்டியில் நீர்மட்டத்தைக் கோடு போட்டுக் குறித்து, 24 மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று லிட்டரில் கணக்கிடுங்கள். அதே நாளில் தீவனத்தையும் எடைபோட்டு, மிச்சத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு குழாயின் முதல் நிப்பிளையும் நடு நிப்பிளையும் கடைசி நிப்பிளையும் ஒவ்வொரு நிமிடம் அழுத்திப் பிடித்து, கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீரைப் பிடித்து அளந்து பாருங்கள். முட்டைக்கோழிக்கு நிமிடத்துக்கு 70 மில்லி அளவாவது வரவேண்டும். அதைவிட முக்கியமாக, முதலுக்கும் கடைசிக்கும் பெரிய வேறுபாடு இருக்கக்கூடாது. உச்சி வெயிலில் குழாய்த் தண்ணீரின் வெப்பத்தையும் கையால் தொட்டாவது பாருங்கள். நமக்கே குடிக்கப் பிடிக்காத அளவுக்குச் சூடான தண்ணீரைக் கோழியும் தொடாது.

இன்னும் ஒன்று. தொட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடையில் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி ஏதேனும் உண்டா என்பதையும் எழுதுங்கள்.

மேட்டுக்கொட்டகை:

தண்ணீரை அளப்பது நல்லதுதான். ஆனால் கூளத்தை அதுவரை அப்படியே விட்டுவிட வேண்டாம். ஈரக் கூளத்தின் மேல் புதுக் கூளத்தைப் போட்டு மூடுவது, அழுக்குத் துணியின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்துவது போலத்தான். கட்டிதட்டிய பகுதியை மண்வெட்டியால் அடிவரை வெட்டி வெளியே எடுத்துவிட்டு, காய்ந்த உமியையோ மரத்தூளையோ நான்கு விரற்கட்டை உயரத்துக்கு நிரப்புங்கள். எஞ்சிய கூளத்தை வாரத்துக்கு இரண்டு முறை கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடிக் கூளத்தை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால் அது உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. பிடிக்கவே பிடிபடாமல் தூசியாகப் பறந்தால் வறட்சி மிகுதி.

வாசனையைச் சோதிக்க நின்றபடி முகர்ந்தால் போதாது. குந்தி உட்கார்ந்து கோழியின் தலை உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். அம்மோனியா பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான அளவு. நாள்தோறும் கொட்டகைக்குள் போய்வருகிறவருக்கு மூக்கு மரத்துப்போய்விடும் என்பதால், வெளியாள் ஒருவரை அழைத்துக் கேட்பது நம் மூக்கைவிட நம்பகமானது. உங்களுக்கே கண் எரிகிறது என்றால் அளவு நெடுநாளாகவே மிகுந்திருக்கிறது என்று பொருள்.

ஈரப் பகுதியில் சுண்ணாம்புத் தூள் தூவினால் விரைவில் காயும். கொத்துவதற்கு, அலகின் நுனியை வெட்டிவிடுவதுதான் உடனடித் தீர்வு என்று நினைக்கிறேன்.

கால்நடை மருத்துவர்:

முந்தைய இருவரும் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். இரண்டு இடங்களில் மட்டும் மாறுபடுகிறேன். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் அது கூளத்தின் காரத்தன்மையை உயர்த்துவதால், எச்சத்தில் ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கும் அம்மோனியா வாயுவாக வெளியேறிவிடும். கோழிகள் உள்ளே இருக்கும்போது, அதுவும் காற்றோட்டம் குறைந்த மூலையில், அதைத் தூவினால் அன்றிரவு கண் எரிச்சல் இன்னும் கூடும். அலகு வெட்டுதலைப் பொறுத்தவரை, அது குஞ்சின் முதல் பத்து நாட்களுக்குள் செய்யும் வேலை. 36 வாரக் கோழியின் அலகில் நரம்பு முழுமையாக வளர்ந்திருக்கும். வெட்டினால் வலியால் தீவனம் எடுப்பது குறைந்து, இருக்கும் முட்டையும் போய்விடும்.

இனி நோய்களைப் பற்றி. தொலைவிலிருந்து படிப்பவர் எவரும் நோயை முடிவுசெய்ய முடியாது. எவற்றை ஒதுக்கலாம் என்று மட்டும் சொல்லலாம். மூன்று நான்கு நாட்களுக்குள் முட்டை பாதியாகச் சரிந்து, பச்சை நிறக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சிழுத்தல், கழுத்துத் திருகல், கொண்டை நீலமாதல், தலை வீங்குதல், கொத்துக் கொத்தாக இறத்தல் ஆகியவற்றில் எதுவும் தென்பட்டால் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயையோ பறவைக் காய்ச்சலையோ ஐயப்பட வேண்டும். அப்போது ஒரு முட்டையோ ஒரு கோழியோ ஒரு மூட்டைக் கூளமோ பண்ணையை விட்டு வெளியேறக் கூடாது. அரசு கால்நடைத் துறைக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். ஓடு சுருங்கி வரிவரியாகி, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீர்போல் பரவினால் தொற்று மூச்சுக்குழல் அழற்சி நினைவுக்கு வரும். கோழி நலமாகத் தோன்றி, பழுப்பு முட்டை வெளிறி, தோல்முட்டைகள் பெருகினால் முட்டை வீழ்ச்சி நோய். 1976-ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் அது. உங்கள் விவரத்தில் சரிவு மூன்று வாரங்களாக மெதுவாக நடந்திருக்கிறது, நிறம் மாறவில்லை, மூச்சுக் கோளாறு இல்லை. ஆதலால் தொற்றைவிடப் பராமரிப்புக் குறையே முன்னிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் காயமே இல்லாமல் இறந்த அந்த மூன்றாவது கோழியை நாம் இழந்துவிட்டோம். இறந்த கோழி நோயைச் சொல்லும் கடிதம். அதைப் படிக்காமல் புதைத்துவிடுகிறோம். அடுத்து ஒன்று இறந்தால் இறகுகளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பையிலிட்டு, பனிக்கட்டியுடன் குளிர வைத்து அன்றே ஆய்வகத்துக்கோ மருத்துவரிடமோ கொண்டுசெல்லுங்கள். உறையவைத்துவிட வேண்டாம், உறைந்தால் திசுக்கள் சிதைந்து எதையும் பார்க்க முடியாமல் போகும்.

ஆன்டிபயாடிக் குறித்து ஒரு கேள்வி: கொடுத்த ஐந்து நாட்களின் முட்டைகளையும் அதன் பிந்தைய நாட்களின் முட்டைகளையும் என்ன செய்தீர்கள்? மருந்தின் சீட்டில் முட்டைக்கு எத்தனை நாள் விலக்கு என்று எழுதியிருக்கும். சில மருந்துகள் முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கவே கூடாதவை. சீட்டைப் படித்துவிட்டு மறுமொழி எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. இரவு எட்டு மணிக்கு மேல் கைவிளக்குடன் போய், கோழிகள் அமரும் கட்டைகளின் அடிப்பக்கத்தையும் முட்டைப் பெட்டிகளின் இடுக்குகளையும் பாருங்கள். செந்நிற உண்ணி பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் ஏறி இரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இரத்தம் குடிக்காமலே பல மாதங்கள் உயிரோடிருக்கும் அது, கொண்டை வெளிறுவதற்கும் முட்டை குறைவதற்கும் கோழிகள் அமைதியிழந்து கொத்திக்கொள்வதற்கும் காரணமாகலாம்.

சிறுபண்ணை:

மூவருக்கும் நன்றி. கேட்டவற்றையெல்லாம் அளந்து பார்த்தேன். அளந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

24 மணி நேரத்தில் தொட்டியிலிருந்து இறங்கிய தண்ணீர் 23 லிட்டர். குழாயின் முதல் இரண்டு நிப்பிள்களுக்குக் கீழே பாத்திரம் வைத்துப் பார்த்ததில் ஏறக்குறைய 4 லிட்டர் வீணாக ஒழுகியிருந்தது. வடக்கு மூலையின் ஈரத்துக்குக் காரணம் அதுதான். ஆகக் கோழிகள் குடித்தது 19 லிட்டர். தலைக்கு 135 மில்லி. தீவனம் 12.6 கிலோ இறங்கியது. தலைக்கு 90 கிராம். முதல் நிப்பிளில் நிமிடத்துக்கு 80 மில்லி வந்தது, எட்டாவதில் 45, கடைசி நான்கில் சொட்டுச் சொட்டாக 10 மில்லிகூட வரவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குக் குழாய்த் தண்ணீரின் வெப்பம் 38 டிகிரி. தொட்டி கறுப்பு நிறத்தில் கூரைக்கு மேலே, நிழலில்லாத இடத்தில், தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அழுத்தத்தைக் குறைக்கும் கருவி எதுவும் இல்லை.

சொல்ல மறந்த செய்தி ஒன்றும் உண்டு. நிப்பிள் பொருத்திய முதல் வாரத்திலேயே ஒழுகல் இருந்தது. அதைக் குறைப்பதற்காகத் தொட்டியின் வால்வைப் பாதி மூடிவைத்தேன். ஒழுகல் சற்றுக் குறைந்ததால் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நிப்பிளைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே வெண்பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான படலம் விரலில் ஒட்டியது.

இரவில் பார்த்தேன், அமரும் கட்டைகளில் எதுவும் இல்லை. முட்டைப் பெட்டிகளின் மூலை இடுக்கில் மட்டும் மிளகாய் விதை அளவுகூட இல்லாத சிவப்புப் பூச்சிகள் சிறு கூட்டமாக இருந்தன. மருந்துச் சீட்டைப் பற்றி: முட்டைக்கு ஏழு நாள் விலக்கு என்று அச்சிட்டிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. இன்னும் இரண்டு நாட்கள் மிச்சமிருப்பதால் அந்த முட்டைகளைத் தனியே ஒதுக்கி அழித்துவிடுகிறேன். முந்தைய நாட்களில் வாங்கியவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

இன்று காலை ஒரு கோழி இறந்து கிடந்தது. காயமில்லை. உள்ளூர் மருத்துவரிடம் கொண்டுபோனேன். அறுத்துப் பார்த்தவர், சிறுநீரகங்கள் வீங்கி வெளிறியிருப்பதாகவும், இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெண்மையான படிவு இருப்பதாகவும், தீனிப்பை வெறுமையாக இருப்பதாகவும் சொன்னார். இதற்கு என்ன பொருள்?

கால்நடை மருத்துவர்:

சிறுநீரகம் வெளியேற்ற முடியாத யூரிக் அமிலம் உப்பாக உறுப்புகளின் மேல் படிவதையே அந்த வெண்மை காட்டுகிறது. தண்ணீர் கிடைக்காத கோழியில் இது வழக்கமான காட்சி. ஆனால் இந்த ஒரு காட்சியை மட்டும் வைத்துத் தண்ணீரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மூச்சுக்குழல் அழற்சி வைரஸின் சில வகைகளும், உணவில் கால்சியம் மிகுவதும் இதே காட்சியைத் தரும். 135 மில்லி என்ற அளவும், வெறுமையான தீனிப்பையும், நிமிடத்துக்கு 10 மில்லி தரும் கடைசி நிப்பிள்களும் சேரும்போதுதான் தராசு தண்ணீரின் பக்கம் சாய்கிறது. சிறுநீரகத் துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் முடிவு வரும்வரை ஐயத்தைக் கைவிட வேண்டாம்.

கால்சியம் டானிக்கை இன்றே நிறுத்துங்கள். ஒரு முட்டையின் ஓட்டில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் இருக்கிறது. உட்கொள்வதில் ஏறத்தாழப் பாதியே உடலில் சேர்வதால் கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் நான்கு கிராம் வேண்டும். முட்டைத் தீவனத்தில் 3.8 விழுக்காடு கால்சியம் இருந்தால், 110 கிராம் தின்னும் கோழிக்கு 4.2 கிராம் கிடைக்கும். 90 கிராம் தின்னும் கோழிக்கு 3.4 கிராம்தான். ஆகத் தீவனத்தில் குறையில்லை, தின்பதில்தான் குறை. அதைச் சரிக்கட்ட ஓடு கட்டும் நேரத்தை அறிந்துகொள்வது உதவும். முட்டை கருப்பையில் இருக்கும் ஏறக்குறைய இருபது மணி நேரத்தில் பெரும்பகுதி இரவிலேயே கழிகிறது. அப்போது கோழி எதுவும் தின்பதில்லை. பொடியாக அரைத்த சுண்ணாம்புக்கல் மாலைக்குள் குடலைக் கடந்துவிடும். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள கிளிஞ்சல் துண்டுகள் அரைவைப்பையில் தங்கி இரவு முழுவதும் மெதுவாகக் கரையும். எனவே கிளிஞ்சல் துண்டுகளைத் தனித் தொட்டியில் பிற்பகலில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். தண்ணீர் சரியாகும் வரை இதையும் தொடங்க வேண்டாம்.

வெயிலின் பங்கும் இதில் உண்டு. வாயைத் திறந்து இரைக்கும் கோழி கரியமில வாயுவை மிகுதியாக வெளியேற்றிவிடுகிறது. அதனால் இரத்தத்தில் ஓடு கட்டத் தேவையான பைகார்பனேட் குறைகிறது. கோடையில் ஓடு மெலிவதற்கு இதுவே பெரிய காரணம். குளிர்ந்த தண்ணீர் கிடைப்பதே இதற்கும் முதல் மருந்து.

உண்ணி சிறு கூட்டமாக இருக்கும்போதே கண்டுபிடித்தது நல்வாய்ப்பு. கோழிக்கு அல்ல, பெட்டிக்குத்தான் மருந்து. பெட்டிகளை வெளியே எடுத்து, இடுக்குகளைச் சுரண்டி, கொதிநீர் ஊற்றிக் காயவைத்து, அனுமதிக்கப்பட்ட பூச்சிக்கொல்லியை இடுக்குகளில் மட்டும் அடியுங்கள். உண்ணியின் முட்டை வளர்ந்த உண்ணி ஆக ஏழு முதல் பத்து நாட்களே ஆகும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடி செய்யாவிட்டால் முதல் முறை செய்ததும் வீண்.

பழைய கூண்டு:

ஒழுகலைக் குறைக்க வால்வைப் பாதி மூடியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; நானும் ஒரு காலத்தில் அதையே செய்தவன். நிப்பிள் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் பொருள். மூன்றரை மீட்டர் உயரத்துத் தண்ணீர் நேரே வந்து விழுந்தால் முதல் நிப்பிள்கள் தாங்காமல் ஒழுகும். வால்வை மூடினால் கோழிகள் ஒரே நேரத்தில் குடிக்கும் வேளையில் தண்ணீர் கடைசி வரை எட்டாது. இரண்டுக்கும் ஒரே விடைதான்: கொட்டகைக்குள், நிழலில், குழாய்க்குச் சுமார் 40 சென்டிமீட்டர் மேலே மிதவை வால்வு உள்ள சிறிய இடைத்தொட்டி ஒன்றை வைத்து, கூரைத் தொட்டியை அதற்கு மட்டும் தண்ணீர் தரச் செய்யுங்கள். கூரைத் தொட்டியின் வால்வை முழுவதும் திறந்துவிடலாம். குழாய் மட்டமாக இருக்க வேண்டும். கடைசி முனையில் ஒரு திறப்பு வையுங்கள், அதன் வழியாகத்தான் குழாயைக் கழுவ முடியும்.

அந்த வழுவழுப்பான படலத்தை வளர்த்தது நீங்கள் கொடுத்த வைட்டமின் கரைசல். அதில் இருக்கும் இனிப்புப் பொருட்கள் 38 டிகிரி வெப்பத்தில் குழாய்க்குள் பாக்டீரியாக்களுக்கு விருந்தாகிவிடுகின்றன. அடுத்தமுறை தண்ணீரில் எதைக் கலந்தாலும் அன்று மாலையே குழாயைக் கழுவிவிடுங்கள். இப்போதைக்கு, அந்தப் பழைய மணித் தொட்டிகளைத் தூக்கியெறியவில்லை என்று நம்புகிறேன். அவற்றை இன்றே திரும்பத் தொங்கவிடுங்கள். விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்கட்டும். கோழிகள் அதில் குடிக்கும்போது நிப்பிள் குழாயை அடைத்து, குடிநீர்க் குழாய்களுக்கென்று விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலைச் சீட்டில் சொன்ன அளவில் நிரப்பி ஓர் இரவு ஊறவையுங்கள். அந்த நேரத்தில் கோழிகள் நிப்பிளைத் தொடாதபடி குழாயை உயரத் தூக்கிக் கட்டிவிட வேண்டும். காலையில் முனையைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை வேகமாகக் கழுவுங்கள். அடைத்த நிப்பிள்களைக் கழற்றித் தேய்க்க வேண்டியிருக்கும்; தேய்த்தும் திறக்காதவற்றை மாற்றிவிடுங்கள். அதன் பிறகு கடைசி நிப்பிளில் பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு குளோரின் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் படலம் மறுபடி வளராது. தண்ணீரில் தடுப்பூசி கொடுக்கும் நாளில் மட்டும் குளோரின் கூடவே கூடாது. தடுப்பூசிக் கிருமியையே கொன்றுவிடும்.

நிப்பிளின் உயரம், கோழி நின்றபடி கழுத்தைச் சற்று நீட்டி அலகை மேல்நோக்கித் தூக்கிக் குடிக்கும் அளவில் இருக்கட்டும். தலையைப் பக்கவாட்டில் சாய்த்துக் குடித்தால் பாதித் தண்ணீர் கூளத்துக்குப் போய்விடும்.

மேட்டுக்கொட்டகை:

சுண்ணாம்பைப் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் தூவியது கோழிகளை இறக்குவதற்கு முன் வெறுங்கொட்டகையில்தான் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. கொத்துவதைப் பற்றி ஒரு கேள்வி: முட்டைப் பெட்டிகளுக்கு நேர் மேலே விளக்கு இருக்கிறதா? முட்டையிட்டவுடன் சில நிமிடங்கள் துவாரத்தின் சிவந்த உட்பகுதி வெளியே தெரியும். வெளிச்சமான பெட்டியில் அது மற்ற கோழிகளின் கண்ணில் படும். எத்தனை பெட்டிகள் வைத்திருக்கிறீர்கள்? ஐந்து கோழிகளுக்கு ஒன்று என்பது கணக்கு.

சிறுபண்ணை:

18 நாட்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மணித் தொட்டிகளைத் தொங்கவிட்ட அன்று மாலையில் கோழிகள் அவற்றைச் சுற்றி முண்டியடித்த காட்சியைப் பார்த்த பிறகு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. இடைத்தொட்டி பொருத்திவிட்டேன். குழாயை இரண்டு முறை ஊறவைத்துக் கழுவினேன். ஐந்து நிப்பிள்களை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது முதல் நிப்பிளில் 78 மில்லியும் கடைசியில் 72 மில்லியும் வருகின்றன. கூரைத் தொட்டிக்கு ஓலைப் பந்தல் போட்ட பின் பிற்பகல் தண்ணீரின் வெப்பம் 28 டிகிரிக்கு இறங்கியது. நாளொன்றுக்கு 36 லிட்டர் குடிக்கின்றன. தீவனம் தலைக்கு 108 கிராம் ஆகிறது. தீவனம் நான்கு நாட்களிலேயே ஏறிவிட்டது, முட்டை மட்டும் பத்து நாட்கள் அசையவே இல்லை. அதன் பிறகுதான் ஏறத் தொடங்கியது. நேற்று 109 முட்டைகள். தோல்முட்டை இரண்டு நாளுக்கு ஒன்று விழுகிறது.

ஆய்வக முடிவில் மூச்சுக்குழல் அழற்சி இல்லை என்று வந்தது. உண்ணிக்கு இரண்டு முறை மருந்து அடித்தேன். நேற்றிரவு பார்த்தபோது எதுவும் தென்படவில்லை. பெட்டிகள் 22 இருந்தன, ஆறு கூட்டியிருக்கிறேன். விளக்கு பெட்டிகளுக்கு நேர் மேலேதான் இருந்தது. அதை நடுவுக்கு நகர்த்தி, பெட்டிகளின் வாயில் சாக்குத் திரை தொங்கவிட்டேன்.

கொத்துதல் பெருமளவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. காயம்பட்ட ஏழு கோழிகளைத் தனியறையில் வைத்திருக்கிறேன், புண் ஆறிவிட்டது. கொட்டகையில் இன்னும் யாரோ ஒன்றிரண்டு கோழிகள் கொத்துகின்றன. எவை என்று தெரியவில்லை. இந்த ஏழையும் எப்போது, எப்படித் திரும்பச் சேர்ப்பது?

கால்நடை மருத்துவர்:

முட்டை பத்து நாட்கள் காத்திருந்ததில் வியப்பில்லை. ஒரு மஞ்சள்கரு கருவகத்தில் முழு அளவுக்கு வளரவே ஏறக்குறைய அத்தனை நாட்கள் ஆகும். தண்ணீர் கிடைத்த நாளில் வளரத் தொடங்கிய மஞ்சள்கருதான் பதினோராவது நாளில் உங்கள் கைக்கு வந்தது.

கொத்தும் கோழியைக் கண்டுபிடிக்கக் காயத்தைத் தேட வேண்டாம், அழகைத் தேடுங்கள். எல்லாக் கோழிகளின் வாலும் முதுகும் சிதைந்திருக்கும் கொட்டகையில், ஓர் இறகுகூடக் குலையாமல் பளபளப்பாக நிற்கும் கோழிதான் பெரும்பாலும் கொத்துகிறது. கதவோரத்தில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். கோழிகள் உங்களை மறந்த பிறகு அது தானே வெளிப்படும். அதைப் பிடித்து வேறறையில் இரண்டு வாரம் வையுங்கள். கோழிகளின் அதிகார வரிசையில் தன் இடத்தை இழந்து திரும்பும் கோழி முன்போல அதிகாரம் செய்வதில்லை.

ஏழு கோழிகளையும் ஒவ்வொன்றாக அல்ல, ஏழையும் ஒன்றாக, விளக்கணைத்த பிறகு அமரும் கட்டையில் ஏற்றிவிடுங்கள். புண் இருந்த இடத்தில் இறகு முளைத்துத் தோல் மறைந்திருக்க வேண்டும். சிவந்த தோல் சிறிதளவு தெரிந்தாலும் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். விடிந்ததும் கோழிகளின் கவனம் வேறு பக்கம் திரும்பும்படி கீரைக் கட்டுகளை அவற்றின் தலைக்குச் சற்று மேலே இரண்டு மூன்று இடங்களில் தொங்கவிடுங்கள். அந்த முதல் காலையில் மட்டும் நீங்கள் கொட்டகையிலேயே இருந்தாக வேண்டும்.

சிறுபண்ணை:

பளபளப்பான கோழிகள் இரண்டு இருந்தன. இவற்றைத்தான் நலமான கோழிகள் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டையும் இன்று காலை பிரித்துவிட்டேன். ஏழு கோழிகளில் ஐந்துக்கு இறகு முளைத்திருக்கிறது; மற்ற இரண்டுக்காகவும் ஒரு வாரம் காத்திருந்து, எல்லாவற்றையும் சேர்த்தே இரவில் விடுகிறேன்.